வளர்ப்புச் சுண்டெலி: வாங்கும் முன்பிருந்து முதுமை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வளர்ப்புச் சுண்டெலியின் ஆயுள் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரைதான். பிறந்து ஐந்தாறு வாரத்தில் குட்டி போடும் பருவம் வந்துவிடும். சினைக்காலம் மூன்று வாரம். ஈன்ற அன்றைக்கே மறுபடியும் சினையாகலாம். நேற்றுக் காலை உடம்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த எலி இன்று காலை உயிரோடு இல்லாமல் போவதும் உண்டு. எலி வளர்ப்பவர்களுக்கு வரும் துயரம் பெரும்பாலும் “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதால்தான் வருகிறது. நம்முடைய ஒரு வாரம் அதன் வாழ்நாளில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதனால்தான் இங்கே முடிந்த இடத்திலெல்லாம் நாள் கணக்கையும் கிராம் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பரணில் ஓடும் சுண்டெலியும் இதுவும் இனத்தால் ஒன்றுதான். ஆனால் வளர்ப்பு எலி பல தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்தது. 1787-லேயே ஜப்பானில் வண்ண எலி வளர்ப்பைப் பற்றி நூல் அச்சானது. இங்கிலாந்தில் 1895-ல் நேஷனல் மவுஸ் கிளப் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரான்பி என்ற ஊரில், அபி லாத்ரோப் என்ற பெண்மணி 1900 வாக்கில் செல்லப்பிராணியாக விற்பதற்கு எலி வளர்த்தார். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்று இருக்கும் சி57 கறுப்பு எலிகள் அவர் பண்ணையிலிருந்து போன எலிகளின் வம்சம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சிவப்புக் கண் வெள்ளை எலி.

வீட்டில் பிடிபட்ட சுண்டெலிக் குட்டியை எடுத்து வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் உட்படப் பல நோய்களை அது சுமந்திருக்கக்கூடும். கூண்டு வாழ்க்கையும் அதற்குச் சித்திரவதை.

1. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எலியின் சிறுநீரிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், எலி வளர்க்கும் வீடு ஒன்றில் ஓரிரு மணி நேரம் இருக்க வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குழந்தை பிறக்கும்வரை எலி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். சுண்டெலிகளிடம் இருக்கக்கூடிய எல்சிஎம் வைரஸ் மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் எலியைக் கொடுக்க வேண்டாம். சால்மொனெல்லா கிருமி ஒரு பயம் என்றால், ஆசையில் இறுக்கிப் பிடித்துவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். எலியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது பெரியவர்களுக்கும்தான்.

எலி அந்தி சாய்ந்த பிறகு விழித்து இரவெல்லாம் ஓடும். லேசான தூக்கம் உள்ளவர்கள் கூண்டைப் படுக்கையறையில் வைக்கக் கூடாது.

கூண்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகியவர் 30 கிராம் உயிருக்கு மருந்தளவு கணக்கிடத் தயங்குவார். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் முயல், ஹாம்ஸ்டர், பறவை பார்க்கும் மருத்துவர் யாரென்று கேளுங்கள். “எலிக்கும் பார்ப்பீர்களா?” என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்வது, நோய் வந்த இரவில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

2. எத்தனை எலி, ஆணா பெண்ணா

பெண் எலி மூன்று. முதன்முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் மந்தமாகிவிடும். இரண்டு வாங்கினால், ஒன்று போனதும் மற்றது தனியாகிவிடும். மூன்று இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

ஆண் எலிகளைப் பருவம் வந்தபின் ஒரே கூண்டில் வைத்தால் சண்டை போடும். வாலிலும் பின்புறத்திலும் கடித்துக் குதறி, சில நேரம் கொன்றும்விடும். அண்ணன் தம்பி என்பதால் சமாதானமாக இருந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆணை வளர்க்க ஆசைப்பட்டால் தனியாக வைத்து நிறைய நேரம் செலவிட வேண்டும். அல்லது அனுபவமுள்ள மருத்துவரிடம் காயடித்து, மூன்று வாரம் கழித்துப் பெண் எலிகளோடு சேர்க்கலாம். ஆணின் சிறுநீர் வாடை தூக்கலாக இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆனாலும் மனிதரிடம் பழகுவதில் ஆண் எலிகள் பல நேரம் பெண்களைவிட நிதானமானவை.

பால் பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் எலியை வாலைப் பிடித்துத் தூக்குவார். அதற்கு அவசியமில்லை. கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் எலியை விட்டுக் கீழிருந்து பாருங்கள். சிறுநீர்த் துவாரத்துக்கும் மலத்துவாரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் ஆண். இரண்டும் நெருங்கியிருந்தால் பெண். வளர்ந்த ஆணுக்கு விதைப்பை தெளிவாகத் தெரியும்.

கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடந்தால், ஆறு வாரத்துக்கு மேற்பட்ட எந்தப் பெண் எலியும் சினையாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண் பளிச்சென்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ரோமம் படிந்திருக்க வேண்டும். பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். வாலில் பொருக்கு இருக்கக் கூடாது. டப்பாவைக் காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். ஆரோக்கியமான எலியின் மூச்சு காதில் விழாது. ‘க்ளிக் க்ளிக்’ என்று சன்னமாகக் கேட்டால் நெஞ்சில் நோய் இருக்கிறது. ஒரு தொட்டியில் ஒன்று தும்மினாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று நோயாளி எலியை வாங்கி வந்தால், வீட்டிலிருக்கும் மற்றவற்றுக்கும் அது பரவும். 2018-ன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

3. வீடு அமைத்தல்

கடைகளில் விற்கும் வண்ணவண்ணச் சின்னக் கூண்டுகள் எலிக்குப் போதாது. மூன்று எலிக்குத் தரைப்பரப்பு குறைந்தது 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம் வேண்டும். பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பிக் கூண்டு என்றால் கம்பிகளுக்கிடையே 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. எலியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். மீன் தொட்டி பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் நம் ஊர்ச் சூட்டில் கண்ணாடிச் சுவருக்குள் வெப்பமும் சிறுநீரின் அமோனியா நெடியும் தேங்கும்.

செலவு குறைவாக, நம் தட்பவெப்பத்துக்குத் தோதாக, நீங்களே செய்யக்கூடியது பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பெட்டி. 70 லிட்டருக்குக் குறையாத பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் நடுவில் பெரிய ஜன்னலும், நீளமான பக்கம் ஒன்றில் இன்னொரு ஜன்னலும் வெட்டுங்கள். பக்க ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் படுக்கை எல்லாம் வெளியே கொட்டும். ஹார்டுவேர் கடையில் கால் அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் வாங்கி, சிறிய போல்ட், வாஷர் போட்டு முடுக்குங்கள். வலையைப் பெட்டியின் உள்பக்கமாகப் பொருத்த வேண்டும். வெளியே பொருத்தினால் வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு எலியின் பல்லுக்கு அகப்படும். ஒரே இரவில் கொறித்து வழி பண்ணிவிடும். வலையின் வெட்டு முனைகளை மடக்கி அரத்தால் தேய்த்துவிடுங்கள். கோழிக்கூண்டு வலை கண்ணி பெரிது, உதவாது.

தரையில் படுக்கை 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் எலி வளை தோண்டும். அச்சடிக்காத காகிதத்தைச் சீவிப் போடலாம். காகித உருண்டைப் படுக்கை கிடைத்தால் நல்லது. மர இழைப்பகத்தில் அள்ளி வரும் தூள் வேண்டவே வேண்டாம். எந்த மரம், என்ன மருந்தடித்தது என்று தெரியாது. தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். வாசனை வீசும் பைன், தேவதாரு மரச்சுருளும் மூச்சுக்கும் ஈரலுக்கும் கேடு. உமியை ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே கிருமி நீக்கிய பிறகே போடுவார்கள். மில்லிலிருந்து நேரே வரும் உமியில் தூசியும் பூச்சியும் இருக்கும். வைக்கோல் கொஞ்சம் போட ஆசையிருந்தால், இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுங்கள். உண்ணி, பேன் இருந்தால் சாகும்.

கூடு கட்ட வாசனையில்லாத டிஷ்யூ காகிதம் கொடுங்கள். பஞ்சும், கடைகளில் விற்கும் பஞ்சுபோன்ற படுக்கையும் ஆபத்து. இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். டிஷ்யூவைக் கொடுத்த இரவு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். எலி காகிதத்தின் ஓரத்தை முன்கால் இரண்டாலும் பிடித்து, பல்லால் நீளவாக்கில் இழுத்து இழையிழையாகக் கிழிக்கும். வாய் நிறைந்ததும் ஓடிப்போய் நடுவில் தான் உட்கார்ந்துகொண்டு, இழைகளைத் தன்னைச் சுற்றி இழுத்துச் செருகும். முதலில் தட்டாக இருப்பது கிண்ணமாகும், பிறகு கூரையோடு உருண்டையாகிவிடும். குளிர்ந்தால் சுவர் தடிக்கும், புழுக்கத்தில் கூரை காணாமல் போகும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் கூடு கட்டப் போதுமான டிஷ்யூ இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும்.

ஓடும் சக்கரம் அவசியம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் திறந்தவெளியில் சக்கரம் வைத்துப் பார்த்தபோது, காட்டுச் சுண்டெலிகள் கட்டாயம் ஏதுமின்றித் தாமாக வந்து ஏறி ஓடின. அடைத்து வைத்த சலிப்பால் மட்டுமே எலி சக்கரத்தில் ஓடுவதாக நினைத்தவர்களுக்கு அது பதிலாயிற்று. சக்கரத்தின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஓடும்போது எலியின் முதுகு வளையக் கூடாது. ஓடும் பரப்பு மூடியதாக இருக்க வேண்டும். கம்பிச் சட்டம் போட்ட சக்கரத்தில் காலும் வாலும் சிக்கும்.

ஒளிந்துகொள்ள இடம் தலைக்கு ஒன்றாவது வேண்டும். ஓட்டை போட்டு விளிம்பு தேய்த்த கொட்டாங்குச்சி, கவிழ்த்த சின்ன மண்சட்டி, டிஷ்யூ ரோலின் அட்டைக்குழல் எல்லாமே நல்ல வீடுகள். ஏறி விளையாட நூல் கயிறும் மூங்கில் துண்டும் போதும்.

தண்ணீருக்கு முனையில் உருண்டை வைத்த பாட்டில் மாட்டுங்கள். தினமும் உருண்டையை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், உருண்டை இறுகிப்போய் ஒரு சொட்டும் வராது. ஊருக்குப் போகும் நாட்களில் இரண்டு பாட்டில் மாட்டிவிட்டு, தினமும் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

4. வெயில், புகை, எறும்பு

வெளிநாட்டு வழிகாட்டிகளில் குளிரைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்குப் பிரச்சினை சித்திரையும் வைகாசியும். எலிக்கு வியர்க்காது. வால் வழியாகக் கொஞ்சம் வெப்பத்தை வெளியேற்றும். அதுவும் போதாதபோது எச்சிலை ரோமத்தில் தடவிக்கொள்ளும். 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். புழுக்கமும் சேர்ந்து 32-க்கு மேல் போனால் உயிராபத்து. கூண்டின் சுவரில் சின்ன வெப்பமானி ஒன்றை ஒட்டி வையுங்கள். அறையில் நமக்குத் தெரியும் சூடும் பெட்டிக்குள் இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது.

கூண்டை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பால்கனியும் வேண்டாம், வெயிலோடு காக்கையும் பூனையும் வரும். கூண்டுக்குள் ஒரு டைல்ஸ் துண்டு போட்டால் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மண்சட்டி வீட்டின் வெளிப்புறத்தை லேசாக ஈரமாக்கி வைத்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். உச்சி வெயில் நேரத்தில், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு முனையில் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். வேண்டுமென்றால் எலி பக்கத்தில் வரும், குளிர்ந்தால் தள்ளிப் போகும். மின்விசிறிக் காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு பாட்டில் தயாராக இருக்கட்டும்.

எலி தட்டையாகப் பரந்து படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, தாடையும் கழுத்தும் எச்சிலில் நனைந்திருந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாதங்களையும் வாலையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே இறந்துவிடும். நக்கும் நிலையில் இருந்தால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயருகே வையுங்கள். தெளிந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது புகை. கொசுவத்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, அடுப்பங்கரைத் தாளிப்பில் எழும் மிளகாய் நெடி எல்லாமே எலியின் சின்ன நுரையீரலுக்குப் பகை. கூண்டு இருக்கும் அறையில் கொசு மருந்துக் கருவியும் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீட்டில் அந்த நேரம் எலியறைக் கதவை அடைத்து, புகை அடங்கிய பின் திறங்கள். தீபாவளி இரவில் ஜன்னலை மூடிக் கூண்டின் மூன்று பக்கமும் தடித்த துணி போர்த்தி, காற்று வர நான்காவது பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

தானியம் இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும். கூண்டை மேசை மேல் வைத்து, மேசைக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய முறை. இதைவிடச் சிறந்த முறை நான் பார்க்கவில்லை. எறும்புச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லி. கூண்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். வீட்டில் வேறு எலித் தொல்லை இருந்தால் எலி மருந்து வைக்காமல் பொறிக்கூண்டு வையுங்கள். பெருச்சாளியும் வீட்டெலியும் கூண்டை அணுகவே கூடாது. நோயும் வரும், பெரிய எலி சுண்டெலியைக் கொன்றும்விடும்.

5. முதல் சில வாரங்கள்

வந்த முதல் இரண்டு நாள் தொடாதீர்கள். சாப்பாடு வைக்கும்போது மெதுவான குரலில் பேசுங்கள், போதும். மூன்றாம் நாளிலிருந்து உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதை வைத்து, கையைக் கூண்டுத் தரையில் அசையாமல் வைத்திருங்கள். முதலில் விதையைப் பறித்துக்கொண்டு ஓடும். பிறகு விரலில் முன்காலை ஊன்றி நிற்கும். ஒருநாள் கையிலேயே உட்கார்ந்து, விதையைச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கும். அதுவரை பொறுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். வாலின் தோல் உறைபோல் கழன்று வந்துவிடும், திரும்ப வளராது. 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட எலிகள் மனிதக் கையைக் கண்டு ஒதுங்கின. குழலுக்குள் விட்டோ, இரு கையாலும் ஏந்தியோ தூக்கப்பட்டவை தாமாகக் கையருகே வந்தன. வீட்டில் ஓர் அட்டைக்குழல் போதும்: எலி உள்ளே போனதும் இரு முனையையும் கையால் பொத்தித் தூக்குங்கள். தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்துகொண்டு கையில் எடுங்கள். நின்றபடி எடுத்தால், குதித்துக் கால் உடைத்துக்கொள்ளும்.

தப்பித்து ஓடிவிட்டால் துரத்த வேண்டாம். அறைக் கதவை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, விளக்கை அணையுங்கள். எலி சுவரை ஒட்டியே நடக்கும். அதன் சொந்தக் கூட்டுக் காகிதத்தையும் கொஞ்சம் தீனியையும் வைத்த டப்பாவைச் சுவரோரமாகக் கிடத்தி வைத்தால் பெரும்பாலும் விடிவதற்குள் அதில் படுத்திருக்கும்.

ஏற்கெனவே எலி இருக்கும் வீட்டுக்குப் புதிது வந்தால், மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரியும். சினையாக இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

6. தீனி

வளர்ந்த எலி ஒரு நாளைக்கு 4 முதல் 5 கிராம் சாப்பிடும். ஒரு தேக்கரண்டி தானியம் ஏறக்குறைய அவ்வளவு. தண்ணீர் 5 மில்லி அளவில் குடிக்கும். ஆய்வக எலிக்கான பெல்லட் கிடைத்தால் அதையே முக்கிய உணவாக வைத்துக்கொள்ளலாம். அதில் சத்து கணக்குப் பார்த்துச் சேர்த்திருக்கும். கிடைக்காவிட்டால் நம் மளிகைக் கடையே போதும்.

கம்பு, தினை, சாமை, கேழ்வரகு, பார்லி, கோதுமை, மசாலா சேர்க்காத ஓட்ஸ் எல்லாம் கலந்து நான்கில் மூன்று பங்கு. உப்புப் போடாத பொட்டுக்கடலை கொஞ்சம். ஆளி விதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். வாரம் இரண்டு மூன்று முறை வேகவைத்த முட்டை சுண்டைக்காய் அளவு, அல்லது நாய்த் தீனி உருண்டை ஒன்று கொடுத்தால் புரதம் ஈடாகும். குட்டிகளுக்கும் சினை எலிக்கும் இதைத் தினமும் கொடுக்கலாம். ஹாம்ஸ்டர் தீனி என்று விற்பதில் சூரியகாந்தி விதையும் சாயம் போட்ட பிஸ்கட்டும் அதிகம். எலி விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கும், கொழுக்கும்.

வெள்ளரி, கேரட், கொத்தமல்லி நன்றாகக் கழுவி, நகத்தளவு கொடுங்கள். மீந்ததை மறுநாள் காலைக்குள் எடுத்துவிடுங்கள். தீனியைக் கிண்ணத்தில் குவிப்பதைவிடப் படுக்கையில் தூவிவிடுவது நல்லது. தேடித் தின்பதுதான் அதன் இயல்பு. வலுத்தது ஒன்று கிண்ணத்தை மறித்து உட்காரவும் முடியாது.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், அவகேடோ, வேகாத பீன்ஸ், ஊறுகாய், மிக்சர், இனிப்பு எதுவும் கூடாது. பாலில் நனைத்த பிரெட் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வளர்ந்த எலிக்குப் பால் ஜீரணமாகாது, கழிச்சல் வரும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை விஷம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன நஞ்சு உள்ளேயேதான் இருக்கும்.

7. சுத்தம்

தினமும் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அள்ளிப் போட்டுப் புதிதாக நிரப்புங்கள். வாரம் ஒருமுறை படுக்கையில் பாதியை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவித் துடைத்தால், தன் வாடை போய்விட்டதென்று எலி பதறி இன்னும் அதிகமாகச் சிறுநீர் தெளிக்கும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய கூட்டிலிருந்து ஈரமில்லாத ஒரு கைப்பிடியை எடுத்துப் புதிய படுக்கையில் வையுங்கள். ஃபினாயில் வேண்டாம், வெந்நீரும் வாசனையற்ற சோப்பும் போதும். குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறது என்றால் அமோனியா ஏறிவிட்டது.

8. நோய்: எதைப் பார்த்தால் எப்போது ஓட வேண்டும்

எலி நோயை மறைக்கும். பிற விலங்குக்கு இரையாகும் எந்தப் பிராணியும் அப்படித்தான். ஆகவே நீங்கள்தான் தேட வேண்டும். அதற்கு நம்பகமான கருவி சமையலறை டிஜிட்டல் தராசு. வாரம் ஒருமுறை டப்பாவில் விட்டு எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 30 கிராம் எலி 27-க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

அன்றைக்கே போக வேண்டியவை: மூச்சில் ‘க்ளிக்’ சத்தம், விலா எலும்பு உள்வாங்கி மூச்சு வாங்குதல், தலை ஒரு பக்கம் சாய்தல், கழிச்சல், ரத்தம், சாப்பிடாமை, ரோமம் சிலிர்த்துக் குன்றி உட்கார்தல். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் நெஞ்சு நோய் வளர்ப்பு எலிகளில் பரவலாக இருப்பது. முதல் அறிகுறியிலேயே மருந்து தொடங்கினால் பல மாதம் நன்றாக வாழும், ஒரு வாரம் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாது. கண்ணோரத்திலும் மூக்கிலும் ரத்தம்போல் செந்நிறக் கசிவு தெரிந்தால் அது சுரப்பி நீர். நோயின் அல்லது அழுத்தத்தின் அடையாளம்.

சொறிந்து சொறிந்து கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் புண் இருந்தால் உண்ணி. ஐவர்மெக்டின் கொடுப்பார்கள், ஆனால் மாட்டுக்கும் நாய்க்கும் வாங்கிய மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சொட்டு மாறினால் உயிர் போய்விடும். புண் எதுவுமின்றி மீசையும் முகத்து முடியும் மழித்ததுபோல் இருந்தால் கூட்டாளி எலி கொறித்திருக்கிறது. நோயில்லை, விளையாட்டுப் பொருளையும் இடத்தையும் கூட்டிப் பாருங்கள். முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். மேலும் கீழும் பொருந்தாமல் வளைந்தால் மருத்துவர் அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

ஒரு வயதைத் தாண்டிய பெண் எலியை வாரந்தோறும் தடவிப் பாருங்கள். பால் சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை பரந்திருப்பதால் கட்டி விலாப்பக்கத்தில்கூட வரும். சுண்டெலிக்கு வரும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று. வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அறுவை செய்வதா, வலியில்லாமல் வைத்துக்கொள்வதா என்று மருத்துவரோடு மனம்விட்டுப் பேசுங்கள். அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால், எலி வாந்தி எடுக்காது, பட்டினி தாங்காது என்பதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவமனைக்குச் சின்ன டப்பாவில், அதன் கூட்டுக் காகிதத்தோடு, ஒரு தோழி எலியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டில் ஆட்டத்தில் ஒழுகும். வெள்ளரித் துண்டு வையுங்கள்.

9. கடையிலிருந்தே சினையாக வந்துவிட்டால்

வேண்டுமென்று இனம் பெருக்காதீர்கள். ஓர் ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டி. அத்தனைக்கும் நல்ல வீடு கிடைக்காது. ஆனால் வந்தபின் சினை என்று தெரிந்தால் பதற வேண்டாம். சினை 19 முதல் 21 நாள். பதினான்காம் நாள் வாக்கில் வயிறு பேரிக்காய்போல் பக்கவாட்டில் பிதுங்கும். கூட ஆண் இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். டிஷ்யூ நிறையக் கொடுங்கள், புரதம் கூட்டுங்கள்.

ஈன்றபின் இரண்டு மூன்று நாள் கூட்டைக் கிளறாதீர்கள். அதன்பின் தாய் வெளியே தின்னும்போது எட்டிப் பாருங்கள். ரோமமில்லாத இளஞ்சிவப்புக் குட்டியின் இடது விலாவுக்குக் கீழே, தோலின் வழியாக, வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அது குடித்த பால். பட்டை தெரிந்தால் தாய் ஊட்டுகிறது என்று நிம்மதியாகக் கூட்டை மூடிவிடலாம். ஒரு வாரத்தில் ரோமம் அரும்பும். ஒன்பது, பத்தாம் நாளில் வயிற்றில் முலைக்காம்புப் புள்ளிகள் தெரிபவை பெண். பால் பிரித்துக் குறித்துக்கொள்ள அதுதான் ஏற்ற நாள். கண் 12 முதல் 14 நாளில் திறக்கும். 21 நாளில் பால் மறக்கும். ஆண் குட்டிகளை 28-ஆம் நாளுக்குள் பிரித்துவிடுங்கள். ஒரு வாரம் தாமதித்தால் தாயும் தங்கைகளும் சினையாகும், மூன்று வாரத்தில் உங்கள் வீட்டில் முப்பது நாற்பது எலி.

வைத்துக்கொள்ள முடியவில்லை என்று வெளியே விட்டுவிடாதீர்கள். தீனி தேடத் தெரியாத வெள்ளை எலி தெருவில் ஒரு இரவுகூடத் தாங்காது.

10. முதுமை

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு ரோமம் மெலியும், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும், ஏறுவது குறையும். உயரமான தட்டுகளை எடுத்துவிட்டுத் தீனியும் தண்ணீரும் கூட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஓட்ஸை வெந்நீரில் ஊறவைத்து, முட்டையோடு பிசைந்து கொடுங்கள். நகம் நீண்டு வளைந்தால் மருத்துவரிடம் வெட்டிக்கொள்ளலாம். சாப்பிடவும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாத நிலை வந்தால், மயக்க மருந்து கொடுத்து வலியின்றி விடுவிக்கக் கேளுங்கள். தண்ணீரில் அமுக்குவது போன்ற வீட்டு முறைகள் கொடுமை.

இறந்த எலியைக் கூட்டாளிகள் சிறிது நேரம் முகர்ந்து பார்க்க விடலாம். நோயால் இறந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், நாய் தோண்டாது.

மூன்றில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால் அதற்குத் துணை தேட நாள் கடத்த வேண்டாம். ஒன்றை வாங்காமல், ஏழெட்டு வாரப் பெண் எலிகள் இரண்டை வாங்குங்கள். இளசுகள் ஒன்றோடொன்று விளையாடும், கிழவியைத் தொந்தரவு செய்யாது. மூன்று வாரத் தனிமை முடிந்ததும், யாருடைய வாடையும் இல்லாத ஒரு தட்டில் அரை மணி நேரம் சேர்த்து விடுங்கள். முகர்வதும், சின்னக் கீச்சும், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதும் சகஜம். ரத்தம் வரும் கடி விழாத பட்சத்தில், கழுவிப் பொருட்களை இடம் மாற்றி வைத்த கூண்டுக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம். முதல் இரவு மட்டும் சக்கரத்தை எடுத்து வையுங்கள். அதற்குத்தான் முதல் சண்டை வரும்.